தடியன் கழுத்தில் இருந்த நம்பர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ பதில் போடாவிட்டாலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். இங்கே எனக்கு முழங்கால் வலி. உன் அப்பாவுக்கு வாய் மட்டும் இன்னும் குறையவில்லை.

தடியனைப் பற்றி முன்பே எழுதியிருந்தேனே, நீ கோபித்துக்கொண்டு போன மழைக்காலத்தில் மாடிப்படிக்குக் கீழே வந்து ஒண்டிய நாய். அது உள்ளே வந்தால் நான் வெளியே என்று குதித்தவர்தான் உன் அப்பா. பிறகு பார்த்தால் தன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டுகிறார்! உன்னிடம் பேச வேண்டியதையெல்லாம் அதனிடம்தான் பேசினார்.

பக்கத்துத் தெருவில் ஒரு நாய் காணாமல் போனதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப் வைத்துவிட்டால் நம் பெயரும் போன் நம்பரும் எப்போதும் அதோடு இருக்குமாம். உடனே தடியனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். ஊசியை எடுக்கும் முன் டாக்டரம்மா ஒரு கருவியை அதன் கழுத்தருகே நகர்த்தினார். அது கீச்சென்றது. கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, ஏற்கெனவே சிப் இருக்கு சார், வேற ஒருத்தங்க பேர்ல இருக்கு என்றார்.

பேசாமல் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நான்தான் உன் அப்பாவின் சட்டையை இழுத்தேன். அவர் குனிந்து தடியனின் காதைத் தடவிக்கொடுத்தார். அப்புறம், அவங்களுக்குப் போன் பண்ணுங்கம்மா என்றார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அந்தப் பெண். தையல்காரி போலிருக்கிறது, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தாள். பொடியா என்று அவள் கூப்பிட்டதுதான் தாமதம், நம் தடியன் தாவிவிட்டான். அதன் பிறகு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நன்றிகெட்ட கழுதை! ரெண்டு வீடு மாறிட்டேன், இந்த நம்பரை மட்டும் விடலைம்மா, என்னைக்காவது யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு என்று சொல்லி அழுதாள்.

தடியனை அவளோடு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்த உன் அப்பா, அதன் கழுத்து வாரை ஆணியில் மாட்டினார். யாரும் கூப்பிடாத வீட்டுப் போன் எதற்கு, எடுத்துவிடலாம் என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன் அல்லவா? அதைக் காதில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்தார். அன்னைக்கு வாசல்ல வச்சு நம்ம பொண்ணை அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடி என்றார். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

நம் வீட்டு நம்பர் அதேதான், கண்ணே. நீ நன்றாக இரு. ஒருநாள் கூப்பிடு. அவர்தான் எடுப்பார். எடுத்துவிட்டு என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்பார். நீ வைத்துவிடாதே.

உன் அம்மா