நீலப் பேசினின் முட்கள்

நித்யா கண்ணு,

நீ அசந்து தூங்கியதால் எழுப்பவில்லை. சாவி ஆணியில் இருக்கிறது. குழம்பு வைத்துவிட்டேன்.

மீன்பிடிக்கும்போது இழுக்கிற தூண்டில் நரம்பு காலில் சிக்காமல் உள்ளே விழுவதற்கு நீ இடுப்பில் கட்டும் நீலப் பேசினில், அடியில் முள்முள்ளாக நிமிர்ந்து நின்ற பிளாஸ்டிக் கேபிள் டை வால்களை வெட்டியது தம்பி சபரி இல்லை. நான்தான். டையைக் கட்டிவிட்டு மீதியை நறுக்க மறந்துவிட்டாய், கையில் குத்துமே என்று கட்டிங் பிளேயரால் ஒட்ட நறுக்கினேன். நரம்பைச் சிக்காமல் பிரித்து வைப்பதே அந்த முட்கள்தான் என்பது, நீ சபரியிடம் கத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"சத்தியமா நான் தொடவே இல்லைக்கா" என்றான். "எந்நேரமும் கிண்டல் பண்றவன் நீதான், வேற ஆரு செய்வா?" என்றாய். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். நான்கு நாளாகப் பட்டறையிலேயே படுக்கிறான்.

புது டை இருபத்தாறு கோத்துவிட்டேன். எல்லாம் இரண்டு அங்குலம் நிற்கின்றன. உயரம் சரியில்லை என்றால் சொல், மாற்றித் தருகிறேன்.

அப்பா

பி.கு: வெண்ணந்தூருக்கு, அவன் பட்டறைக்குத்தான் போகிறேன். நீ போன் செய்து சொல்லிவிடாதே சாமி. என் வாயால் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: மூன்று பேருக்கு உலை வை. அவன் வரவில்லை என்றால் எனக்கும் சோறு வேண்டாம்.