அப்பா அடைத்த துளைகள்

அப்பா,

நேற்று ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போயிருந்தேன். கடற்கரை வீட்டைத் திறந்து காற்றாட விடச் சொல்லிச் சிஞ்ஞோரா அனுப்பியிருந்தார். உங்கள் எசமானி சிஞ்ஞோராதான், உங்களுக்குப் பிறகு இப்போது அவர் வீட்டில் நான் வேலை செய்கிறேன். சன்னல்களைத் திறந்துவிட்டு வாசலுக்கு வந்தபோது, கீழே கரையில் ஒருவர் கவிழ்த்துப்போட்ட படகின் வயிற்றில் ரெசின் பூசிக்கொண்டிருந்தார். மூக்கைச் சுட்டுக் கண்ணில் நீர் வரவைத்து, பிறகு இனிப்பாக மாறுகிற அந்த மணம் மேலே ஏறி வந்தது. வாசல் கூட்ட எடுத்த தும்புத்தடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கு அது படகின் மணம். எனக்குக் காரின் மணம்.

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. உங்களிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் நான் ஊரிலிருந்து சிசிலியில் வந்திறங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது வருடம் கடிதத்தில் மட்டும் இருந்த அப்பா, கொஞ்சம் பருத்து, தலை நரைத்து, விமான நிலைய வாசலில் நின்றீர்கள். நீங்களும் அழவில்லை, நானும் அழவில்லை. "சாப்பிட்டியோ?" என்று கேட்டீர்கள். நீங்கள் குடியிருந்த சீசாப் பகுதியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வீட்டுப் படியேறாமல், பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு, கீழ்த்தளத்து அறையொன்றின் இரும்புக் கதவை மேலே தள்ளினீர்கள். உள்ளே இருட்டு. இருட்டுக்குள் பழுப்பு நிறத்தில் பெரிய உடலொன்று.

"பார்," என்றீர்கள்.

நாங்கள் குடியிருக்கப்போகும் இடம் இதுதானோ என்று ஒரு கணம் பயந்துபோனேன்.

"அமெரிக்கன். எட்டுச் சிலிண்டர். கையை வைச்சுப் பார் பிள்ளை, கடிக்காது."

வைத்தேன். கதவின் ஓரத்தில் ஒரு துண்டு விரலோடு உதிர்ந்து வந்தது. எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் பெற்று, அந்தச் சான்றிதழைப் பெட்டியின் அடியில் துணிகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். உங்களுக்குக் காட்டவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், உதிர்ந்த துருவைக் கையில் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

கார் வந்த கதையைப் பிறகு சொன்னீர்கள். சிஞ்ஞோராவின் கணவர் அமெரிக்காவில் வேலை செய்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தது. அவர் இறந்தபின் கடற்கரை வீட்டுக் கொட்டிலில் பல வருடம் நின்று உப்புக்காற்றில் அரித்துப்போயிருக்கிறது. பழைய இரும்புக்காரனைக் கூப்பிடச் சொன்ன சிஞ்ஞோராவிடம், எனக்குத் தாருங்கள் என்று கேட்டீர்கள். "உனக்கு விசரோ எண்டு கேட்டா. ஓம் சிஞ்ஞோரா எண்டன். தந்திட்டா."

ஏன் கேட்டீர்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது சூசை மாமா விடமாட்டார்.

"என்ன, ஊருக்கே, பேசாலைக்கு ஓடிக்கொண்டு போற எண்ணமோ?"

"ஓம். நீர் பின்னாலை நிண்டு தள்ளுறதெண்டா."

"இல்லை, மகளுக்குச் சீதனமோ எண்டு கேட்டன்."

"இந்தத் துருவைக் கேட்டு வாற விசரனுக்கு நான் மகளைக் குடுக்கமாட்டன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஒருநாளாவது நானும் உங்களிடம் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வேலையில்லாத வியாழன் பின்னேரமும் ஞாயிறும் அந்த அறையில்தான் கழிந்தன. பேசாலையில் பைபர்ப் படகு பழுதுபார்த்த கை உங்களுடையது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டினீர்கள். "கடலிலை எஞ்சின் நிண்டா சாவு. தரையிலை நிண்டாத் தள்ளலாம். இது சின்ன விசயம்," என்றீர்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் உரித்து, அரித்துப்போன தகட்டை வெட்டியெடுத்து, அந்த இடத்துக்குப் படகுக்குச் செய்வதுபோலவே பைபர்த் துணி விரித்து ரெசின் ஊற்றினீர்கள். எனக்கு ஒரே ஒரு வேலை. காரின் பின்பெட்டியில் கிடந்த தடித்த ஆங்கிலப் பழுதுபார்ப்புப் புத்தகத்தை, ஒரு தக்காளிப் பெட்டியின் மேல் இருந்தபடி வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும்.

"ஆறுதலா வாசி. அவசரப்பட நாங்கள் என்ன பஸ்ஸுக்கோ போறம்?"

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. சான்றிதழைக் காட்டியபோது மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தீர்கள். ஆனால் நான் வாசிக்கும்போது பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் கேட்பீர்கள். அதை நான் கவனித்திருக்கிறேன்.

அடித்தகட்டையும் கதவுகளையும் தடவிப்பார்த்தபோது வரிசையாகச் சிறு துளைகள் அகப்பட்டன. உங்களுக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு ஓட்டையோ! கட்டினவன் தண்ணியைக் காணாதவன்." ஒவ்வொன்றாகத் தேடித்தேடி அடைத்தீர்கள். கதவின் அடியில், ஏறும் படிக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு உள்ளே. மூன்று வாரம் அதே வேலை. கடைசியில் ஒரு வியாழன், பைப்பிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து காருக்குள்ளே ஊற்றினீர்கள். கணுக்கால் அளவு தண்ணீர். பிறகு வயிற்றால் ஊர்ந்து அடியில் போய்ப் படுத்தீர்கள். படகு இறக்குவதற்கு முன் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

"பிள்ளை! ஒரு சொட்டு? ஒரு சொட்டு வருதோ பார்!"

நான் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் காரின் அடிப்பாகம் வரைந்திருந்தது. ஒவ்வொரு துளைக்கும் ஓர் அம்புக்குறி. துளைகளை ஒருபோதும் அடைக்கவேண்டாம், உள்ளே போகும் மழைநீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறும், அடைத்தால் தகடு உள்ளிருந்து அரிக்கும் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

அடியிலிருந்து உங்கள் தலை வெளியே வந்தது. முகமெல்லாம் மண்ணும் சிரிப்பும். நான் வந்த நாளிலிருந்து உங்களை அப்படிக் கண்டதில்லை. எசமானியின் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதன் இல்லை அது.

"அடுத்தது என்ன போட்டிருக்கு?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். "விளக்குகள், அப்பா," என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் நீங்கள் பூச்சு அடிக்கத் தொடங்கிவிட்டீர்கள். கடும் நீலம். அதன் பிறகு சொன்னால் ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அப்படியே போய்விட்டது. எஞ்சின் முதல்முறை உறுமியபோது மேல்மாடிக் கிழவிகள் எல்லோரும் பல்கனிக்கு வந்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் தகரம் தட்டிக் கார் திருத்தும் சால்வோ ஓடிவந்து உங்கள் தோளில் குத்தினார். எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்த மாரி முழுக்கக் காரைப் பின்முற்றத்தில் விட்டீர்கள். காரின் சன்னல் றப்பர்கள் காய்ந்துபோனவை, மழை உள்ளே இறங்கும். ஒவ்வொரு மழைக்கும் நான் மேலே சன்னலோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தத்தில் கதவுக்குக் கீழே நீலம் கொப்பளித்தது. நீங்கள் குந்தியிருந்து நகத்தால் சுரண்டினீர்கள். பழுப்பு நீர் கசிந்தது. "கடற்காத்து," என்றீர்கள். "ஓம்," என்றேன். நகரத்துக்கு உள்ளே இருக்கும் சீசாவில் எங்கே கடற்காற்று?

காரை மறுபடி அறைக்குள் கொண்டுவந்து சுவரோரமாக நிறுத்தினீர்கள். வாசிப்பும் மறுபடி தொடங்கியது. முன்பு வாசித்த பக்கங்களையே வாசிக்கச் சொன்னீர்கள். நான் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டித் தாண்டி வாசித்தேன். அந்த மார்கழியில், சிஞ்ஞோராவின் சமையலறையில் காலைக் கோப்பி வைத்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள்.

அறைக்குச் சொந்தக்காரர் இப்போது இடத்தைக் கேட்கிறார். காரை என்ன செய்வதென்று கேட்க, போன வாரம் சால்வோவைக் கூட்டிவந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உன் அப்பா பாதி வேலையில் போய்விட்டார், சிஞ்ஞோரினா. துளைகளை அடைக்கக்கூடாது என்று நான் அவருக்குச் சொல்லியிருந்தேனே."

"எப்போது?"

"போன கோடையில். இது காரா மீன்பிடிப் படகா என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, மகளிடம் சொல்லாதே என்றார்."

"ஏன்?"

சால்வோ தோளைக் குலுக்கினார். உங்கள் இத்தாலியனும் அவருடைய சிசிலியனும் அதற்கு மேல் போகவில்லையாம். நீங்கள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினீர்களாம். "நீ ஏசுவாய் என்று பயந்திருப்பார். என் மனைவிக்கு நான் பயப்படுவதுபோல."

அவர் போனபின் சுவருக்கும் காருக்கும் இடையில் நுழைந்து பார்த்தேன். ஒடுங்கிய இடைவெளி. உங்கள் உடம்புக்கு அது எப்படிப் போதுமாக இருந்ததோ தெரியவில்லை. சுவர்ப் பக்கத்துத் துளைகள் எல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொன்றையும் சுத்தமாகத் துளைத்து, விளிம்புக்குத் துருவைத் தடுக்கும் செம்பூச்சும் தடவியிருந்தீர்கள். நான் வேலைக்குப் போன நேரங்களில் செய்திருக்கவேண்டும். நான் தக்காளிப் பெட்டியில் இருக்கிற பக்கத்தில் ஒரு துளைகூடத் திறக்கப்படவில்லை.

இதைத்தான் கேட்கவேண்டும் அப்பா. என் பட்டம் அந்தப் பக்கத்தை வாசிக்கப் போதவில்லை என்று நினைத்து, நான் வெட்கப்படாமல் இருக்க மறைத்தீர்களா? அல்லது நான் வாசித்துவிட்டுத்தான் புரட்டினேன் என்று தெரிந்து, நானாகச் சொல்லுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா? பழைய பக்கங்களை மறுபடி வாசிக்கச் சொன்னது அதற்காகவா? முதலாவது என்றால் நீங்கள் என்னை ஆங்கிலம் தெரியாதவளாக நினைத்துப் போயிருக்கிறீர்கள். இரண்டாவது என்றால் பொய்க்காரியாக. எது எனக்குக் குறைவாக வலிக்கும் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை சால்வோ சொன்னதுபோல வெறும் விளையாட்டோ? காலையில் ஒன்று சரி என்று படுகிறது. பின்னேரம் மற்றது.

இன்று வியாழன். பின்னேரம் உங்கள் டிரில்லை எடுத்து, என் பக்கத்துத் துளைகளை நானே திறந்தேன். முதலாவதிலிருந்து பழுப்பு நீர் பாய்ந்து என் செருப்பை நனைத்தது. இரண்டாவதிலிருந்தும் வந்தது. கடைசி மூன்றிலிருந்து துருத்தூள்தான் கொட்டியது. சனிக்கிழமை சால்வோ காரைத் தன் முற்றத்துக்கு இழுத்துப்போவார். பழைய இரும்புக்கு அல்ல என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டார். கார்ச் சாவியை அவர் கையில் வைத்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோயிலுக்கு வருகிற ஆட்கள் இப்போது குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களை வாசிக்க என்னிடம் கொண்டுவருகிறார்கள். போன சனிக்கிழமை மன்னார் அக்கா ஒருவர் வதிவிட அனுமதிக்கான பெர்மெஸோக் கடிதத்தோடு வந்தார். மூன்றாவது வரியில், விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று இருந்தது. என் நாக்கு அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தது. விரலை அந்த வரியில் அழுத்தி வைத்துக்கொண்டு, முழுதாக வாசித்தேன். ஆறுதலாக வாசித்தேன்.

அவர் அழவில்லை. கடிதத்தை மடிக்கக்கூட இல்லை. "இதை இண்டைக்கே சொல்லவேணுமோ பிள்ளை? நாளைக்குக் கோயிலிலை என்ரை மகளின்ரை முதல் நன்மை, வெள்ளைச் சட்டையும் தைச்சாச்சு," என்றார். அதை என் கையிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் செய்தது சரியா அப்பா? அவர் போய் நெடுநேரமாகியும் என் விரல் அந்த வரியிலேயே இருந்தது.