ரிம்மா பார்த்த வேலை

1963 ஜனவரி 14, மாஸ்கோ
மதியம் ரிம்மாவின் அறையில் நான்கு தீர்ப்புகள் படித்தோம். சோவியத் சட்டத்தை ஆராய வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த நீதிபதிகளின் ருஷ்ய மொழி இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல அவள் இல்லையென்றால் என்றைக்கோ பாஸ்டனுக்குத் திரும்பியிருப்பேன். பள்ளிக்கூடம் அவளை ஆசிரியை வேலையிலிருந்து நீக்கியபின் நான் ரகசியமாகத் தரும் கூலிதான் அவளுக்குச் சாப்பாடு.

பொதுச் சமையலறையில் பக்கத்து அறை கபிதோலினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "மகாராணிக்கு இன்னைக்கும் லீவா?" என்றாள். ரிம்மா சிரித்துவைத்தாள்.

ஜனவரி 29
'உழைக்காமல் திரிபவர்' என்று ரிம்மா மேல் வழக்கு. புகார் கொடுத்தவள் கபிதோலினா. மகனுக்குக் கல்யாணம், அறை வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். தண்டனை, நாட்டின் கோடிக்கு அனுப்பிக் கட்டாய உழைப்பு. எவ்வளவு நிதானமாக எழுதினேன் அதை!

ஜனவரி 30
"நான் வந்து சாட்சி சொல்றேன். நீ என்கிட்ட வேலை பார்க்கறதா" என்றேன் ரிம்மாவிடம்.

"பைத்தியமா உனக்கு? சும்மா இருந்தேன்னு சொன்னா வடக்கே அனுப்புவாங்க. அமெரிக்காக்காரிகிட்ட வேலை பார்த்தேன்னு சொன்னா என்ன செய்வாங்க? நீதானே சட்டம் படிச்சவ, சொல்லு!"



பிப்ரவரி 8
தொழிற்சாலையின் பொழுதுபோக்கு மன்றத்தில், எல்லோரும் பார்க்க விசாரணை. உட்கார இடமில்லாத கூட்டம். கபிதோலினா கத்தினாள்: "நாள் பூரா சன்னலோரம் டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. நாங்க உழைக்கணும், இவ திங்கணுமா?" கைதட்டல்.

"என்னம்மா வேலை பார்க்கிறீங்க?" என்றார் நீதிபதி.

"மொழிபெயர்ப்பு."

"யாருக்கு?"

நான் எழுந்து நின்றேன். ரிம்மா பார்த்துவிட்டாள். "யாருக்கும் இல்ல, எனக்காகத்தான்" என்று அவசரமாகச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள்.

உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன்? ஏன்?

நான்கு வருடம். வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் பக்கம், மரம் வெட்ட.

பிப்ரவரி 9
சாப்பிடவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 15
என் வழிகாட்டிப் பேராசிரியர் க்ளேப் நிகனோரவிச்சிடம் போனேன். கதவைச் சாத்தி வானொலியைச் சத்தமாக வைத்தார்.

"ஆராய்ச்சி பண்ண வந்தீங்க வெர்னா. அதைப் பண்ணுங்க."

"எதை ஆராயறது? இங்க சட்டம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா? சொல்லுங்க!" — கத்தினேன். அழுதேன். அவர் கைக்குட்டையை நீட்டினார்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு ஜெர்மன் தெரியுமா?"

தெரியும் என்றேன். எதற்குக் கேட்டார்?

மார்ச் 3
ரிம்மாவின் அக்கா தெருவில் எதிரே வந்தாள். ரிம்மாவுக்குக் கை விரல்கள் உறைந்துவிட்டனவாம். "இனிமே எங்க பக்கம் வராதம்மா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

நான் வந்திருக்கவே கூடாது. இந்த ஊருக்கே.

ஏப்ரல் 11
ரிம்மாவின் வக்கீல் சொன்னார்: க்ளேப் நிகனோரவிச் மேல்நீதிமன்றத்துக்கு எழுதியிருக்கிறாராம். ரிம்மா தன்னிடம் கூலிக்கு ஜெர்மன் சட்டக் கட்டுரைகளை மொழிபெயர்த்து வந்தாள், முறைப்படி பதியாதது தன் தவறு என்று.

ஒரு வரிகூட அவள் அவருக்கு மொழிபெயர்த்ததில்லை. இருவரும் முகம் பார்த்ததுகூட இல்லை.

துறைத் தாழ்வாரத்தில் அவரைப் பார்த்தேன். "வெளியே பனி உருகிச் சேறா கிடக்கு, பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மே 27
தீர்ப்பு ரத்து. ரிம்மா வந்துவிட்டாள்! அவள் அறையில் கபிதோலினாவின் மகனும் மருமகளும். இவள் அக்கா வீட்டுத் தரையில் படுக்கிறாள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 10
துறையில் புதிய வழிகாட்டி. இளைஞர், மரியாதையானவர். "எந்த அத்தியாயத்துல இருக்கீங்க?" என்று கேட்டார். க்ளேப் நிகனோரவிச் 'ஓய்வு பெற்றுவிட்டாராம்'.

அவருடைய புத்தகங்கள் கயிறு கட்டித் தாழ்வாரத்தில் கிடந்தன. ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். வாசலில் அவர் இன்னொரு கட்டோடு நின்றிருந்தார்.

"குடுங்க, கனமா இருக்கும்" என்றார்.

கொடுக்கவில்லை. டிராம் நிறுத்தம் வரை அவரோடு நடந்தேன்.