சீனி போடாத தேத்தண்ணி

12 மார்ச் 1978, ஞாயிறு

பின்னேரம் இராஜேஸ்வரி வந்தார். அவர் கணவர் கதிர்காமநாதன் இறந்து நாலு மாதம். காப்புறுதிக் கம்பனி காசு தராதாம். விண்ணப்பத்தில் நீரிழிவு இல்லையென்று பொய் எழுதியதாம். எழுதியது அவரல்ல, ஏஜென்ட் சிறி. "உதெல்லாம் சொல்லத் தேவையில்லை" என்றானாம்.

எங்கள் விண்ணப்பத்தையும் அவன்தான் நிரப்பினான். என் கணவருக்கும் நீரிழிவு. அதிலும் "இல்லை" தான்.

19 மார்ச்

சிறியிடம் பொலிசி எடுத்த ஐந்து குடும்பங்களும் எங்கள் வீட்டில் கூடின. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்கு ஏதோ நோய் வருத்தம், எல்லாவற்றையும் மறைத்திருக்கிறான். சேர்ந்து ஒரே வழக்காகப் போடுவோம் என்று அவர்களில் ஒருவரான மகேந்திரராஜா மேசையில் தட்டினார். நான் சுட்ட ரோல்ஸ் முழுவதும் முடிந்தது.

3 ஏப்ரல்

டாண்டெனோங் டவுனில் லோயரைப் பார்த்தோம். கூட்டு வழக்கு சரிவராதாம். ஒவ்வொரு பொலிசியும் தனி ஒப்பந்தம், சிறி ஒவ்வொரு வீட்டிலும் தனியாகப் பேசியவன், கோர்ட் ஒன்றாக எடுக்காது. இராஜேஸ்வரி தனியாகத்தான் போகவேண்டும். எங்களிடமும் அப்படியே செய்தான் என்று நாங்கள் சாட்சி சொன்னால் அவருக்குப் பலம். சொன்னால் எங்கள் பொலிசியும் போகும்.

"சட்டம் விடாட்டி நாங்கள் என்ன செய்யிறது?" என்றார் மகேந்திரராஜா. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குப் பற்றி எரிந்தது.

4 ஏப்ரல்

இவரிடம் கேட்டேன்.

"உமக்கென்ன விசரே? எனக்கு ஒண்டு நடந்தால் நீரும் பிள்ளையளும் என்ன செய்வியள்?"

"அப்ப மட்டும் எங்களுக்குத் தருவாங்களே?"

"எல்லாற்றையும் தோண்டிப் பாக்க மாட்டாங்கள்."

பயத்தில் சொல்கிறார். எனக்கும் பயம்தான்.

9 ஏப்ரல்

சமைத்தேன். மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

11 ஏப்ரல்

பாத்திரம் கழுவும்போது நினைவு வந்தது. சிறி வந்த அன்று தேத்தண்ணி கொடுத்தது நான். அவனுக்கு மூன்று கரண்டி சீனி. "அண்ணைக்குப் போடேல்லையே?" என்று கேட்டான். நீரிழிவு என்றேன். தலையாட்டிவிட்டு, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே "இல்லை" என்று எழுதினான்.

பொலிசி இவர் பெயரில். பார்த்தது நான். ஏன் இவரைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்?

18 ஏப்ரல்

"லோயரிட்டப் போட்டு வாறன்" என்றேன். பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் கார் வந்து நின்றது.

"ஏறும்," என்றார். லோயர் சாட்சியம் எழுதக் கேட்டதற்கெல்லாம் இவரும் பதில் சொன்னார்.

2 செப்டெம்பர்

கோர்ட்டுக்குப் போகும் முன்பே கம்பனி இராஜேஸ்வரிக்குக் காசு கொடுக்க ஒத்துக்கொண்டது. இன்று எங்களுக்கும் கடிதம் வந்தது. பொலிசி ரத்து. இனி வேறு கம்பனியும் இவரை எடுக்காது.

இரண்டு தரம் வாசித்தார். "இனி நான் சாகேலாது போல."

"ஓம். எழும்புங்கோ, நடந்திட்டு வருவம்."

இராஜேஸ்வரி வீடு வரை நடந்தோம். தேத்தண்ணி தந்தார். இவருக்கு மட்டும் கேட்காமலே சீனி போடவில்லை.