எங்கள் வீட்டில் எந்த நிறுவனமும் இல்லை

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், எல்லாரும் என்றால் நானும் உன் அம்மாவும்தானே, அதில் முக்கால்வாசி சௌக்கியம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறீர்களா? அம்மாவின் வலது கால் இப்போது பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிடுகிறாள். வலது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. பக்கவாதம் வந்த அன்றைக்கு நின்ற பேச்சும் அப்படியே நிற்கிறது. பயிற்சி கொடுக்க வருகிற நர்ஸம்மா "பொறுமையா இருங்க சார்" என்கிறார், எனக்கும் பொறுமைக்கும் எவ்வளவு தூரம் என்று அந்தம்மாவுக்கு என்ன தெரியும். கம்ப்யூட்டரில் கேமரா வராத விஷயத்தைப் போனில் சொல்லாமல் இப்படி எழுதிக்கொண்டிருக்கிறாரே என்று நினைக்காதே. போனில் ஆரம்பித்தால் நீ "அப்பா, அங்கதான் இருக்கும், நல்லா பாருங்க" என்பாய், நான் "இல்லவே இல்லம்மா" என்று கத்துவேன், பக்கத்தில் அம்மாவின் முகம் வாடிவிடும். அதனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கண்ணில் பட்டதைப் பட்டபடி எழுதுகிறேன்.

நீ சொன்ன இடத்துக்கெல்லாம் போனேன். அமைப்புகள் என்று இருப்பதைத் திறந்தேன், அதற்குள் தனியுரிமை, அதற்குள் கேமரா, எல்லாம் நீ சொன்ன வரிசைப்படிதான் வந்தது. ஆனால் நீ தட்டச் சொன்ன அந்த ஸ்விட்ச் வெளுத்துப்போய்க் கிடக்கிறது, எத்தனை தட்டினாலும் அசையவில்லை. அதற்கு மேலே ஒரு வரி, நீ எனக்காகத் தமிழில் மாற்றி வைத்த புண்ணியத்தில் எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: இந்த அமைப்புகளில் சிலவற்றை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது. எந்த நிறுவனம்? இந்த வீட்டில் இருப்பது இரண்டு கட்டில், ஒரு மேஜை, மாத்திரை டப்பா, நாங்கள். பாதுகாப்புப் பக்கம் அதைவிட மோசம், வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று முன்பெல்லாம் ஏதேதோ காட்டுமே, இப்போது துடைத்துவிட்ட மாதிரி வெள்ளையாக இருக்கிறது. பஸ் டிப்போவில் காலம் பூராவும் எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் நான். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் இருக்கும், கெட்டுப் போயிருந்தாலும் இருக்கும். உனக்குக் காட்ட மாட்டேன் போ என்று எந்த வண்டியும் என்னிடம் சொன்னதில்லை.

கடைத்தெரு ரிப்பேர்க்காரரைக் கூட்டிவந்தேன். உட்கார்ந்த உடனே "சார், இது வீட்டு மெஷின் இல்ல, ஏதோ ஆபீஸ் மெஷின்" என்றார். திருட்டுச் சாமானா வைத்திருக்கிறேன் என்று நான் எகிற, பாவம், மனுஷன் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அதில் வேலைக் கணக்கு என்று போட்டு உன் ஈமெயில், அதன் வாலில் உன் ஆபீஸ் பெயர். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அம்மாவைப் பார்க்க நீ லீவில் வந்திருந்தபோது, உன் லேப்டாப் சார்ஜர் மக்கர் பண்ணுகிறது என்று இதில் ஆபீஸ் வேலை பார்த்தாயே, ஒரு கை தட்டச்சு, ஒரு கை அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு. உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கலாமா என்று அது அப்போது கேட்டிருக்கும், நீயும் சரி என்று தட்டியிருப்பாய் என்கிறார் ரிப்பேர்க்காரர். அந்த அவசரத்தில் யார்தான் படிப்பார்கள், நானாக இருந்தாலும் தட்டியிருப்பேன். இப்போது உங்கள் ஆபீசில் யாரோ கேமரா கூடாது என்றால் இங்கே நம் கூடத்தில் கேமரா கண்ணை மூடிக்கொள்கிறது. அந்தக் கணக்கை எடுத்துவிடலாம் என்றால் அதற்கு எனக்கு அனுமதி இல்லையாம், உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார் ரிப்பேர்க்காரர். அம்மா பேசுகிற பழைய வீடியோ எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. பென் டிரைவில் எடுத்துவிட்டு அழிக்கலாம் என்று பார்த்தார், அதையும் நிறுவனம் விடவில்லை. தொடவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யாரப்பா அந்த நிர்வாகி என்று நான் புலம்பிக்கொண்டிருக்க, அம்மா இடது கையைத் தூக்கிச் சுவரில் இருக்கும் உன் போட்டோவைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சிரித்தாள்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை கண்ணு. விஷயம் வேறு. கேமரா நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு எங்கள் பக்கம் இருட்டாகத்தான் தெரிந்திருக்கும், ஆனால் எங்களுக்கு நீ நன்றாகத் தெரிந்தாய், புதுக் கண்ணாடி போட்டிருந்தாய். "அம்மா இருக்காங்களா, தூங்கிட்டாங்களா" என்று கேட்டாய். உனக்கு நேர் எதிரே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு என் மேல கோவமா, இந்த நிலைமையில விட்டுட்டு வந்துட்டேன்னு" என்று கேட்டாய். அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள், இடது கையையும் ஆட்டினாள், திரைக்குக் கிட்டே போய் ஆட்டினாள். நீ எங்கேயோ பார்த்துக்கொண்டு காத்திருந்தாய். கோபமெல்லாம் இல்லைம்மா என்று நான் சொன்னேன்தான், அப்பா எப்போதும் அப்படித்தான் சொல்வார் என்று நீ விட்டுவிட்டாய். அடுத்த வாரம் வீடியோ வேண்டாம், போனே போதும் என்றுவிட்டாய். எங்கள் பட்டன் போனில் குரல் மட்டும்தானே. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தன் போனைக் கொண்டுவந்து கொடுத்தாள், ஆனால் அவள் நிற்கும்போது அம்மா கோணிப்போன வாயைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் என்ன செய்வேன் சொல்.

அந்த ஆபீஸ் உன்னை நிர்வகிக்கிறதே போதும், எங்களை விட்டுவிடச் சொல்லி யாரிடமாவது கேள். யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியாது, உனக்காவது தெரியும் என்று நம்புகிறேன். ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, மாப்பிள்ளையின் முதுகு வலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும், அம்மா சார்பிலும் நானே சொல்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. இது சரியாகிற வரைக்கும், போனில் அம்மாவிடம் ஏதாவது கேட்டால் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்து. பதில் இல்லை என்று உடனே அடுத்ததுக்குப் போய்விடாதே. அவள் தலையாட்டி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா