மெட்ராஸ் வரை அழக்கூடாது

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணத்துக்குப் போகப் புடவை கட்டிவிடச் சொல்லி வந்தாள். அவள் போன பிறகு தரையில் ஓர் ஊக்கு வாய் திறந்து கிடந்தது. மடங்காத முழங்காலை மடக்கிக் குனிந்து, அதை எடுத்து மூடி, டப்பாவில் போட்டு, டப்பாவை அலமாரியின் உச்சியில் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நீ சிரிக்க மாட்டாய். நீ கண்ணை மூடி ஓர் ஆண்டு ஆகப்போகிறது. சொல்ல ஆளில்லாமல் உனக்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. பெண்கள் பள்ளியில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான் தமிழ், அந்தப் பக்கம் நீ கணக்கு. என் வீட்டுக்காரர் ரயில்வே வேலையில் எங்கோ வடக்கே இருந்தார். ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், மூன்று வயது செல்வி என் புடவை ஊக்கை வாயில் போட்டு விழுங்கிவிட்டாள். எக்ஸ்ரே படத்தில் அது தொண்டைக்குக் கீழே, கூர்முனை மேலே பார்க்க, திறந்தபடி நின்றது. அதை எடுக்கத் தெரிந்த மதுரை டாக்டர் அந்த வாரம் ஊரில் இல்லை. மெட்ராஸுக்குக் கொண்டுபோங்கள் என்றார் நம்மூர் டாக்டர். தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது, வாந்தி வரக்கூடாது, முக்கியமாக அழவிடக்கூடாது என்றும் சொன்னார். ராத்திரி ரயில் போய்விட்டிருந்தது.

எப்படியோ உனக்குச் செய்தி எட்டியிருக்கிறது. விடியும்போது வாசலில் உன் கார் நின்றது. புகையிலைக் கிட்டங்கி வைத்து வியாபாரம் செய்த உன் அப்பா விட்டுப்போன பழைய வண்டி. பொம்பளை கார் ஓட்டுவதைப் பற்றி ஊர் என்னவெல்லாமோ பேசியது. பின் இருக்கையில் நீ இரண்டு மெத்தைகளை விரித்திருந்தாய். கதவைத் திறந்துவிட்டாய்.

ராணி காலத்துச் சாலை என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த புளிய மரங்களோடு, அந்தச் சாலையில் வடமதுரை தாண்டி அய்யலூர் மேட்டில் ஏறினோம். மழையில் அரித்த பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டியை நிறுத்துகிற அளவுக்கு மெதுவாக்கி, ஒரு சக்கரத்தை இறக்கி, அடுத்ததை இறக்கி ஓட்டினாய். செல்வியால் எச்சிலை விழுங்க முடியவில்லை. என் முந்தானை நனைந்துகொண்டே வந்தது. தண்ணீர் கேட்டாள். அவள் உதடு பிதுங்கும்போதெல்லாம் நீ முன்னாலிருந்து ஒரு கதை ஆரம்பித்தாய். மெட்ராஸுக்குக் கடல் பார்க்கப் போகும் ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. அதற்கும் வழியில் மணப்பாறைச் சந்தை வந்தது, அதையும் மாடுகள் மறித்தன. திரும்பிப் பார்க்காமல், குரல் உயராமல் சொல்லிக்கொண்டே வந்தாய்.

மணப்பாறையைத் தாண்டியதும் அவள் இருமினாள். முந்தானையில் ரத்தம்.

திருச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு வழி சொன்னார்கள். அங்கேயே கழுத்தைத் திறந்து எடுத்துப் பார்க்கலாம். ஆனால் இவ்வளவு சிறு பிள்ளைக்கு அவர்கள் செய்து பழக்கமில்லை. மெட்ராஸில் கத்தி வைக்காமல் வாய்வழியாகக் குழாய் விட்டு எடுப்பார்கள். ஆனால் இன்னும் பாதி வழிக்கு மேல் இருக்கிறது, போகும் வழியில் ஊக்கு குத்திவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அம்மாதான் முடிவு சொல்ல வேண்டும் என்றார் டாக்டர்.

வராந்தாவில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். நீயே சொல் என்று உன்னிடம் கெஞ்சினேன். நீ என் முகத்துக்கு நேரே வந்து நின்றாய்.

"உன் பிள்ளைடி. நீதான் சொல்லணும். எதைச் சொன்னாலும் நான் கூட இருக்கேன். நாளைக்கு என்ன ஆனாலும், மத்ததைச் செஞ்சிருக்கலாமேன்னு என் வாயில ஒரு நாளும் வராது."

மெட்ராஸ் என்றேன். மறுபேச்சில்லாமல் போய் வண்டியை எடுத்தாய்.

பெரம்பலூர் கடந்து வெகுதூரம் போன பிறகு ஒரு தரைப்பாலத்தின் மேல் செம்மண் நீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பஸ்கள் நின்றிருந்தன. தண்ணீர் வடிய நேரமாகும் என்றார்கள். நீ செருப்பைக் கழற்றி, புடவையைத் தூக்கிச் செருகி, இறங்கி நடந்தாய். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. நான் கண்ணாடி வழியே உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஒரு வண்டிக்காரப் பெரியவர், ஆம்பளை யாரும் கூட வரவில்லையா என்று கேட்டார்.

"வரலைங்கய்யா. பாலத்து ஓரம் தெரியாமத்தான் பயமா இருக்கு. நீங்க ஓரமா முன்னால நடங்க, நான் பின்னாலயே வாரேன்."

அவர் காருக்குள் எட்டிப் பிள்ளையைப் பார்த்தார். கம்பை ஊன்றி நீரில் இறங்கினார். நடுவில் வண்டி ஒரு பக்கமாக நகர்ந்தது. செல்வி வீறிடப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதும் உன் ஆட்டுக்குட்டி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. கதவு திறந்து, ஒரு நர்ஸ் பஞ்சில் வைத்து அந்த ஊக்கைக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளிருந்து செல்வி தொண்டை கிழிய அழும் சத்தம் கேட்டது. அழட்டும், அழட்டும் என்று நீ சொன்னாய். காலையிலிருந்து அவளை அழவிடாமல் கதை சொல்லிக்கொண்டே வந்தவள் நீதான்.

அவள் கஞ்சி குடிக்கப் பழகியதும் ஊர் திரும்பினோம். வரும்போது அதே சாலை வேறாகத் தெரிந்தது. தரைப்பாலம் காய்ந்து கிடந்தது. செல்வி ஜன்னலில் நின்று புளிய மரங்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அய்யலூர் இறக்கம் முடிந்து, சமவெளியில் தூரத்தில் நம்மூர் மலைக்கோட்டை தெரிந்தது. நீ சட்டென்று வண்டியை ஓரங்கட்டினாய். பஞ்சராக்கும் என்று நினைத்தேன்.

"செத்த நேரம் இருடி. கை நிக்கமாட்டேங்குது."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உன் இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கின. கால்களும்தான். இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாய். உன்னை எதற்கும் பயப்படாதவள் என்று அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கைகளை என் மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அத்தை ஏன் அழுகிறாள் என்று செல்வி கேட்டாள். பயம் இப்பத்தான் வருது கண்ணு என்றாய். நடுக்கம் நிற்கும்வரை மூவரும் அங்கேயே இருந்தோம். அவசரம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஒன்றாகப் பழகினோம், சண்டையும் போட்டோம். திருச்சி வராந்தாவில் கொடுத்த வாக்கைச் சோதிக்கும் நிலை உனக்கு வரவில்லை. ஆனால் அன்று பிள்ளை பிழைக்காமல் போயிருந்தாலும் நீ அதைக் காப்பாற்றியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த மரத்தடியில் என் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அவ்வளவு பயத்தையும் என் பிள்ளை வீடு சேரும்வரை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தாய். அப்படி ஒருத்தி எனக்கு இருந்தாள் என்பதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாட்களையும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.