நாலடி தூரம்

மே 18, ஞாயிறு

இன்று மதியம் சர்ஜாபூர் பக்கம் என் தோழி ரம்யாவின் புது வீட்டில் விருந்து. பின்பக்கம் நீச்சல் குளம். சுற்றிப் பெரியவர்கள் மட்டும் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். சாப்பிடுவதற்காக என் மகள் யாழினியின் கையிலிருந்த மிதவைப் பட்டைகளை நான்தான் கழற்றிவிட்டேன். மறுபடி மாட்டவில்லை.

"ஐயோ, கொழந்த முழுகுது!"

சமையலுக்கு வந்திருந்த மேரியக்கா கத்திக்கொண்டே மீன் தட்டைப் போட்டுவிட்டுப் புடவையோடு குதித்த பிறகுதான் திரும்பினேன். என் நாற்காலியிலிருந்து நாலடி தூரம். தலை அண்ணாந்திருக்க, வாய் தண்ணீருக்குள் இருக்க, நாலு வயதுக் குழந்தை நின்றவாக்கில் மூழ்கிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் இல்லை. கத்துவாள், தண்ணீரை அடிப்பாள் என்றல்லவா நினைத்திருந்தேன்?

வெளியே தூக்கியதும் இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு அழுதாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணும் ஆகலல்ல, விடும்மா" என்கிறார் என் கணவர் கார்த்திக்.

தூங்கப் போகுமுன் அவளிடம் கேட்டேன். "ஏன்டா செல்லம் அம்மாவக் கூப்பிடல?"

"வாயில தண்ணி இருந்துச்சும்மா. நான் உன்னையேதான் பாத்துட்டு இருந்தேன்."